ஒரே நேர்காணலில் ‘ஆளுமைக் கோளாறு’ என்று எழுதிவிடலாமா?

வெண்பலகை (மனநல மருத்துவம், முதுநிலை இரண்டாம் ஆண்டு)

எல்லோருக்கும் வணக்கம். நோயாளியை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எல்லாம் மாற்றித்தான் எழுதுகிறேன்.

இருபதுகளின் நடுவில் இருக்கும் ஒரு பெண். மாத்திரைகளை அளவுக்கு மீறி விழுங்கி அவசரப் பிரிவுக்கு வந்தவர். உடல்நிலை தேறியதும் எங்கள் வார்டுக்கு மாற்றினார்கள். முன்கையில் பழைய தழும்புகள் உண்டு. வந்த அன்று இரவுப் பணி மருத்துவரிடம் எரிந்து விழுந்திருக்கிறார். மறுநாள் காலை என்னிடம், ‘நீங்கள் ஒருத்தர்தான் காது கொடுத்துக் கேட்கிறீர்கள்’ என்றார். ரவுண்ட்ஸில் இதைச் சொன்னேன். ‘பார்டர்லைன், வேறென்ன’ என்று சொல்லி கேஸ் ஷீட்டில் எழுதியாகிவிட்டது (உணர்ச்சியும் உறவுகளும் தன்னைப் பற்றிய எண்ணமும் நிலையில்லாமல் ஆடும் ஆளுமைக் கோளாறு அது). மொத்தம் 20 நிமிடம்கூட ஆகியிருக்காது.

அது தவறு என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. சரி என்று சொல்லவும் இல்லை. சில வாரங்களாகத் தூக்கம் இல்லை, பசி இல்லை, ஓயாத அழுகை. மனச்சோர்வு தெளிவாகவே இருக்கிறது. இந்த நிலையில் இருப்பவரின் ஆளுமையைப் பற்றி ஏதாவது முடிவு சொல்ல முடியுமா? பார்டர்லைனுக்கான 9 அளவுகோல்களும் எனக்கு மனப்பாடம். எதிரில் ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது அவற்றை எங்கே, எப்படித் தேடுவது என்பதுதான் தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

நெடுவழி (மனநல மருத்துவர்)

நல்ல கேள்வி. கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

முதலில், உங்கள் கேஸ் ஷீட்டில் இருப்பது ஒரு இரவும் ஒரு காலையும்தான். ஆளுமைக் கோளாறு என்பது வருடக்கணக்கில் ஓடும் விஷயம். வளரிளம் பருவத்திலோ இருபதுகளின் தொடக்கத்திலோ தென்பட ஆரம்பித்து, வீடு, வேலை, நட்பு, காதல் என்று பல இடங்களிலும் ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வந்து, அந்த நபரையோ சுற்றி இருப்பவர்களையோ உண்மையிலேயே பாதித்திருக்க வேண்டும். ஐசிடி-11 (உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுக் கையேடு) சுமார் 2 ஆண்டு அல்லது அதற்கு மேல் நீடித்திருக்க வேண்டும் என்கிறது. அவசரப் பிரிவில் வயிறு கழுவிய மறுநாள் எவரும் தன் வழக்கமான இயல்பில் இருக்க மாட்டார். அன்றைக்கு அவர் கோபப்பட்டார் என்பது அன்றைக்கு அவர் கோபப்பட்டார் என்பதை மட்டும்தான் சொல்கிறது.

அப்புறம் மனச்சோர்வு. சோர்வில் இருப்பவரிடம் ‘நீங்கள் எப்படிப்பட்டவர்?’ என்று கேட்டால், ‘நான் எப்போதுமே இப்படித்தான், யாருக்கும் என்னைப் பிடிக்காது, எதற்கும் லாயக்கில்லை’ என்பார். கடந்த காலத்தையும் சேர்த்து இருட்டாகக் காட்டும் நோய் அது. அதை நம்பி எழுதினால் தவிர்க்கும் ஆளுமை, சார்ந்திருக்கும் ஆளுமை, பார்டர்லைன் எல்லாமே எல்லோருக்கும் பொருந்தும். சோர்வு தெளிந்ததும் அதே ஆளிடம் அதே கேள்விகளைக் கேளுங்கள், பதில்களில் பாதி மாறியிருக்கும்.

நான் செய்வது இது. ஒரு வெள்ளைத்தாளைக் குறுக்காக வைத்து நடுவில் ஒரு கோடு போடுவேன். இடது ஓரத்தில் பள்ளிப் பருவம், வலது ஓரத்தில் இன்று. கோட்டுக்கு மேலே பள்ளி, கல்லூரி, வேலை, வீடு மாறியது. கீழே நெருக்கமான உறவுகள்: யார், எப்போது, எப்படி முடிந்தது. தற்கொலை முயற்சி, கையைக் கீறிக்கொண்டது, குடி, மருத்துவமனைச் சேர்க்கைகள் எல்லாவற்றையும் வேறு நிறத்தில் குறிப்பேன். நோயாளியையும் பக்கத்தில் உட்கார வைத்து இருவரும் சேர்ந்தே நிரப்புவோம். தாள் நிறையும்போது அவர்களே சில சமயம் விரல் வைத்து, ‘டாக்டர், இங்கேயும் இதே மாதிரிதான் ஆச்சு’ என்பார்கள். நீங்கள் தேடும் அளவுகோல்கள் அந்த இடங்களில்தான் இருக்கும்.

கேள்விகளைப் பொதுவாகக் கேட்காதீர்கள். ‘உங்களுக்குக் கோபம் அதிகமா?’ என்றால் ஆமாம் என்பார்கள், இல்லை என்பார்கள், இரண்டும் வீண். ‘கடைசியாக யாரிடம் கோபம் வந்தது? அவர் என்ன சொன்னார்? நீங்கள் அடுத்து என்ன செய்தீர்கள்? அது தணிய எவ்வளவு நேரம் ஆயிற்று? மறுநாள் அவரைப் பற்றி என்ன நினைத்தீர்கள்?’ என்று ஒரு சம்பவத்தை நிமிடம் நிமிடமாகக் கேளுங்கள். பிறகு வேறொரு வயதில், வேறொரு ஆளோடு நடந்த இன்னொரு சம்பவம். இரண்டும் ஒரே வடிவில் இருந்தால்தான் அடுத்த அடி வைக்க வேண்டும்.

வெளி ஆளின் சாட்சி கட்டாயம் வேண்டும், நோயாளியின் சம்மதத்தோடு. அதுவும் இந்தச் சோர்வுக்கு முன்பிருந்தே அவரை அறிந்த ஒருவர். ஆளுமை இயல்புகளில் பல, உள்ளிருந்து பார்க்கும்போது தன் இயல்பாகவே தெரியும், கோளாறாகத் தெரியாது. கூட வாழ்ந்தவருக்குத்தான் தெரியும்.

---

கயல்வரி (மருத்துவ உளவியலாளர்)

நெடுவழி சார் சொன்னதோடு எண்களையும் கொஞ்சம் சேர்க்கிறேன். அவசரத்தில் அதிகமாக எழுதுவது ஒரு பக்கம், கேட்காமலே விட்டுவிடுவது இன்னொரு பக்கம். 1999இல் மார்க் சிம்மர்மனும் ஜில் மாட்டியாவும் வெளியிட்ட ஓர் ஆய்வு எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரியும். வழக்கமான நேர்காணல் செய்த வெளிநோயாளிகளில் பார்டர்லைன் என்று கண்டறியப்பட்டவர்கள் 0.4 சதவீதம். அதே மையத்தில், கட்டமைக்கப்பட்ட நேர்காணல் (எல்லோரிடமும் ஒரே கேள்விகளை வரிசையாகக் கேட்பது) செய்த குழுவில் 14.4 சதவீதம். வந்தவர்கள் மாறவில்லை, கேட்ட விதம்தான் மாறியது.

பிறகு 2005இல் அதே குழு 859 வெளிநோயாளிகளைப் பார்த்ததில் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவருக்கு ஏதாவது ஒரு குறிப்பிட்ட ஆளுமைக் கோளாறு இருந்தது. குறிப்பிட்ட வகை எதிலும் அடங்காதவர்களையும் சேர்த்தால் பாதியை நெருங்குகிறது. பொதுமக்களிடையே, 13 நாடுகளில் நடந்த உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கெடுப்பு 6.1 சதவீதம் என்றது. அரிதான நோய் இல்லை இது.

கருவிகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நோயாளி தானே நிரப்பும் வினாத்தாள்கள் வலையை அகலமாக வீசும். ‘இல்லை’ என்று வந்தால் ஓரளவு நம்பலாம், ‘ஆம்’ என்று வந்தால் அங்கிருந்துதான் வேலை ஆரம்பம். வினாத்தாளின் மதிப்பெண்ணை வைத்து நோய்ப்பெயர் எழுதிய ரிப்போர்ட்கள் என் மேசைக்கு வாரம் தவறாமல் வருகின்றன. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஸ்கிட் போன்ற கட்டமைக்கப்பட்ட நேர்காணலில் ‘ஆம்’ என்றதும் ‘ஒரு உதாரணம் சொல்லுங்கள்’ என்று கேட்கச் சொல்வார்கள். அந்த ஒற்றை வரியில்தான் அதன் பலமே இருக்கிறது.

வெண்பலகை, இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். 9இல் 5 இருந்தால் பார்டர்லைன் என்றால், 256 விதமான சேர்க்கைகள் வரும். இரண்டு பேருக்கு ஒரே பெயர் எழுதியிருந்தாலும் அவர்களுக்குள் ஒரே ஒரு அளவுகோல் மட்டும் பொதுவாக இருக்க முடியும். அதனால் எந்த அளவுகோல், எந்த உதாரணம் என்று எழுதி வையுங்கள். பெயரை மட்டும் எழுதினால் அடுத்து பார்ப்பவருக்கு அது ஒன்றையும் சொல்லாது.

---

இரவுப்பணி (மனநல வார்டு செவிலியர்)

மன்னிக்கவும், மருத்துவர்கள் பேசும் இடத்தில் நுழைகிறேன். ஆனால் இந்த நோயாளிகளோடு 24 மணி நேரமும் இருப்பது நாங்கள்தான்.

‘பார்டர்லைன்’ என்று ஷீட்டில் ஏறிய நிமிடத்திலிருந்து வார்டின் குரல் மாறிவிடும். அதுவரை ‘வலிக்கிறதாம், பாருங்க’ என்றவர்கள் ‘நடிக்குது, விடுங்க’ என்பார்கள். உண்மையாகவே வயிற்று வலி வந்தவரைக் கூட அப்படி விட்டதைப் பார்த்திருக்கிறேன். ‘கவனம் ஈர்க்கச் செய்கிறார்’ என்று ரிப்போர்ட்டில் எழுதுவதை எங்கள் ஷிப்டில் நான் அனுமதிப்பதில்லை. என்ன செய்தார், அதற்கு முன் என்ன நடந்தது, எத்தனை மணி என்று எழுதச் சொல்வேன். ‘மாலை பார்வையாளர் நேரத்தில் யாரும் வரவில்லை. ஏழு மணியிலிருந்து பேசவில்லை. எட்டரைக்குக் கழிவறையில் கையைக் கீறிக்கொண்டார்’. இப்படி எழுதினால் படிக்கிற டாக்டருக்கே புரியும், நாங்கள் விளக்க வேண்டியதில்லை.

வெண்பலகை தம்பி, ‘நீங்கள் ஒருத்தர்தான் கேட்கிறீர்கள்’ என்று அந்தப் பெண் சொன்னதை அறிகுறி என்று எடுத்துக்கொள்ளும் முன், அன்றைக்கு வேறு யாராவது உட்கார்ந்து கேட்டார்களா என்றும் விசாரியுங்கள். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மையாகவும் இருக்கலாம்.

---

நெடுவழி (மனநல மருத்துவர்)

இரவுப்பணி மேடம் சொன்னது ஆய்வாகவும் வந்திருக்கிறது. 1988இல் லூயிஸ், ஆப்பிள்பி என்ற இருவர் மனநல மருத்துவர்களுக்கு ஒரே நோயாளியின் விவரத்தை அனுப்பிக் கருத்துக் கேட்டார்கள். சிலருக்கு அனுப்பியதில் ‘முன்பு ஆளுமைக் கோளாறு எனக் கண்டறியப்பட்டவர்’ என்ற குறிப்பு மட்டும் கூடுதல். அந்தக் குறிப்பைப் படித்தவர்கள் அவரைத் தொந்தரவு தருபவர், அனுதாபத்துக்கு அவ்வளவு உரியவர் அல்ல என்று மதிப்பிட்டார்கள். மற்ற வரிகள் எல்லாம் ஒன்றுதான்.

நோயாளி நமக்குள் கிளப்பும் உணர்ச்சி ஒரு தகவல்தான், மறுக்கவில்லை. எரிச்சலோ, ‘நான்தான் இவரைக் காப்பாற்ற வேண்டும்’ என்ற வேகமோ வந்தால் அதைக் கவனித்து, எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். ஆனால் அது அளவுகோல் அல்ல. எந்தக் கையேட்டின் எந்தப் பட்டியலிலும் ‘மருத்துவருக்கு எரிச்சல் வருகிறது’ என்று ஒரு வரி கிடையாது.

---

முதல்கதவு (குடும்ப மருத்துவர்)

எனக்கு ஒரு நோயாளிக்குப் பத்து நிமிடம் கிடைத்தாலே பெரிது. தாள் போட்டு கோடு வரைய முடியாது. நாங்கள் எதைப் பார்த்துச் சந்தேகப்பட வேண்டும், எப்போது அனுப்ப வேண்டும் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

---

கயல்வரி (மருத்துவ உளவியலாளர்)

சாபஸ் என்று 8 கேள்விகள் கொண்ட ஒரு சிறு வடிகட்டி இருக்கிறது, 2003இல் வந்தது. ஆம், இல்லை என்று பதில் சொன்னால் போதும். 3 அல்லது அதற்கு மேல் வந்தால் விரிவாகப் பார்க்க வேண்டும் என்று பொருள், நோய் உறுதி என்று பொருள் இல்லை.

அதுவும் முடியாவிட்டால், நீங்கள் பல வருடமாகப் பார்க்கும் குடும்பங்கள் என்ற வசதி உங்களுக்கு இருக்கிறதே டாக்டர், அது எங்களுக்குக் கிடையாது. நன்றாகக் கொடுத்த சிகிச்சைக்கும் மனச்சோர்வு திரும்பத் திரும்ப வருகிறதா, ஒவ்வொரு தடவையும் அதற்கு முன் யாரோ ஒருவருடன் முறிவு இருக்கிறதா, வேலை நிலைக்காமலே போகிறதா, மருத்துவரை மாற்றிக்கொண்டே இருக்கிறாரா என்று பாருங்கள்.

ஆனால் நான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல விரும்புவது சத்தம் போடாதவர்களைப் பற்றி. கையைக் கீறிக்கொள்பவர் எப்படியும் எங்களிடம் வந்துவிடுவார். வராமலே போவது மற்றவர்கள். ஒரு உதாரணம், பல பேரைக் கலந்து எழுதுகிறேன். நடுத்தர வயதுக்காரர், அலுவலகத்தில் நல்ல பெயர். பதவி உயர்வு வந்த பிறகு தூக்கம் போய்விட்டது என்று வருகிறார். விசாரித்தால், கீழே வேலை பார்ப்பவர்கள் எழுதும் ஒவ்வொரு கடிதத்தையும் இவரே வீட்டுக்கு எடுத்துப்போய்த் திருத்தி எழுதுகிறார். ஒருவரிடமும் வேலையை ஒப்படைக்க முடியவில்லை. விடுமுறை எடுத்ததே கிடையாது. பிள்ளைகளின் அலமாரியைத் தானே அடுக்கினால்தான் திருப்தி. மனைவி சொல்கிறார், ‘இருபது வருஷமா இப்படித்தான். நாங்க எல்லாரும் இவர் ஆபீஸ்ல வேலை பார்க்கற மாதிரிதான் இருக்கோம்’. அவருக்கு இதில் எதுவுமே பிரச்சினையாகத் தெரியவில்லை, மற்றவர்கள் அலட்சியமாக இருக்கிறார்கள் என்பதுதான் அவர் புகார்.

இது ஒழுங்கிலும் கச்சிதத்திலும் இறுகிப்போன ஆளுமை. இதைப் பலர் ஓசிடி (எண்ண சுழற்சி நோய்) என்று எழுதிவிடுகிறார்கள். ஓசிடி உள்ளவருக்குத் தன் எண்ணம் தன்னைத் துன்புறுத்துகிறது, ‘அர்த்தமில்லை என்று தெரிகிறது, ஆனாலும் நிறுத்த முடியவில்லை’ என்று பெரும்பாலும் அவரே சொல்வார். இவருக்குத் தன் வழிதான் சரியான வழி. மருந்தும் பேச்சும் இரண்டுக்கும் வேறு. தவிர்க்கும் ஆளுமை உள்ளவர்களும் இப்படித்தான் கவனத்தில் படாமல் போவார்கள், ‘கூச்ச சுபாவம்’ என்று கடந்துவிடுவோம். அந்தக் கூச்சத்தால் வேண்டாம் என்று விட்ட வேலைகளையும், சொல்லாமலே போன விருப்பங்களையும் ஒருமுறை கேட்டுப் பார்த்தால் எவ்வளவு இழந்திருக்கிறார்கள் என்பது புரியும்.

---

நேர்கோடு (மனநல மருத்துவர்)

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். இந்த நோய்ப்பெயரே வேண்டாம் என்பது என் கட்சி. பார்டர்லைன் என்று எழுதப்பட்டவர்களில் பெரும்பாலோரின் கதையைக் கேட்டால் சிறு வயதில் அடி, பாலியல் கொடுமை, கைவிடப்பட்டது என்று ஏதாவது இருக்கும். அவர்களுக்கு நடந்ததைப் பேசாமல், அவர்களிடம் ஒரு கோளாறு இருக்கிறது என்று எழுதுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஐசிடி-11இல் சிக்கலான பிடிஎஸ்டி (கொடுமைக்குப் பின் நீடிக்கும் மன அதிர்ச்சி நோயின் ஒரு வகை) என்று தனிப் பெயர் வந்துவிட்டது. அதையே எழுதலாமே?

---

நெடுவழி (மனநல மருத்துவர்)

நேர்கோடு சார், உங்கள் ஆதங்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. சிக்கலான பிடிஎஸ்டி எழுத, பிடிஎஸ்டியின் அடிப்படை அறிகுறிகள் இருந்தாக வேண்டும்: நடந்தது இப்போது நடப்பது போல மீண்டும் வருவது, அதை நினைவூட்டுபவற்றைத் தவிர்ப்பது, ஆபத்து இன்னும் இருக்கிறது என்ற பதற்றம். அதன் மேல் உணர்ச்சிக் கட்டுப்பாடு, தன்னைப் பற்றிய எண்ணம், உறவுகள் மூன்றிலும் பாதிப்பு. பார்டர்லைனில் தன்னைப் பற்றிய எண்ணம் நிலையில்லாமல் ஆடும். சிக்கலான பிடிஎஸ்டியில் ‘நான் மதிப்பற்றவள்’ என்று ஒரே இடத்தில் உறைந்து நிற்கும். முன்னவர் கைவிடப்படுவோமோ என்று உறவை இறுகப் பிடிப்பார், பின்னவர் பெரும்பாலும் உறவிலிருந்து விலகியே நிற்பார். இரண்டும் சேர்ந்து இருப்பவர்களும் உண்டு, அப்போது இரண்டையும் எழுதுவோம்.

கொடுமை எதுவும் நடக்காமலே பார்டர்லைன் வந்தவர்கள் இருக்கிறார்கள். ‘எங்கோ நடந்திருக்கும், யோசித்துப் பாருங்கள்’ என்று அவர்களைத் தோண்டுவதும் ஒரு தீங்கு. அந்தக் குடும்பங்கள் படும் பாட்டையும் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் கேட்பதில் பாதி ஏற்கனவே நடந்துவிட்டது என்றும் சொல்வேன். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஐசிடி-11, பழைய வகைகளை எல்லாம் கிட்டத்தட்டக் கலைத்துவிட்டது. முதலில் கேட்க வேண்டியது: ஆளுமைக் கோளாறு இருக்கிறதா? தன்னைத் தான் அறிவதிலும் நடத்திக்கொள்வதிலும், பிறரோடு பழகுவதிலும் எவ்வளவு பாதிப்பு? அதை வைத்து லேசானது, நடுத்தரமானது, கடுமையானது. பிறகுதான் இயல்புகள்: எதிர்மறை உணர்ச்சி, விலகல், பிறரைப் பொருட்படுத்தாமை, கட்டுப்பாடின்மை, இறுக்கமான ஒழுங்கு என்று 5. பார்டர்லைன் ஒரு கூடுதல் குறிப்பாக மட்டும் நிற்கிறது. கோளாறு அளவுக்கு வராதவர்களுக்கு ‘ஆளுமைச் சிரமம்’ என்று ஒரு படியும் கீழே இருக்கிறது, அது நோய்ப்பெயர் அல்ல. 2013இல் வந்த டிஎஸ்எம்-5இல் (அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு) பழைய 10 வகைகள் அப்படியே இருந்தாலும், பின்பகுதியில் இதே மாதிரி ஒரு மாற்று முறையைச் சேர்த்திருக்கிறார்கள்.

எனக்கு இந்த மாற்றம் பிடித்திருக்கிறது. ‘எந்த வகை?’ என்று கேட்பதை விட ‘எவ்வளவு கடுமை?’ என்று கேட்பதுதான் சிகிச்சைக்கு உதவுகிறது.

---

மறுகரை (உறுப்பினர்)

நான் மருத்துவர் இல்லை. பார்டர்லைன் என்று கண்டறியப்பட்டவள். நிறைய நாளாக இந்தப் பக்கத்தைப் படிக்கிறேன், எழுதுவது இப்போதுதான்.

நேர்கோடு டாக்டர், உங்கள் அக்கறைக்கு நன்றி. ஆனால் என் கதை வேறு. பல வருடம் என்னை பைபோலார் (மன எழுச்சியும் சோர்வும் மாறி மாறி வரும் நோய்) என்று சொல்லி மருந்து மேல் மருந்தாகக் கொடுத்தார்கள். எடை ஏறியது, பகலெல்லாம் தூக்கம், ஆனால் ஒரு போன் கால் எடுக்கப்படவில்லை என்றால் உள்ளே எல்லாம் இடிந்து விழுவது மட்டும் நிற்கவில்லை. ஒரு டாக்டர்தான், ‘மனநிலை மாறினால் எவ்வளவு நேரம் நீடிக்கும்?’ என்று கேட்டார். சில மணி நேரம் என்றேன். ‘மாறுவதற்கு முன் ஏதாவது நடக்குமா?’ என்றார். எப்போதுமே யாராவது ஒருவர் இருப்பார் என்றேன். அதை அதுவரை யாரும் கேட்டதே இல்லை. அவர் பார்டர்லைன் என்று பெயர் சொன்னபோது எனக்கு அவமானமாக இல்லை. எனக்கு நடப்பதற்கு ஒரு பெயரும் அதற்கென்றே ஒரு சிகிச்சையும் இருக்கிறது என்று ஆறுதலாக இருந்தது. என் கோபம் எல்லாம், முந்தைய மருத்துவமனையில் என் கோப்பில் அந்தப் பெயரைச் சந்தேகக் குறியோடு எழுதி வைத்துவிட்டு என்னிடம் சொல்லாமலே இருந்தார்கள் என்பதில்தான்.

---

நெடுவழி (மனநல மருத்துவர்)

மறுகரை, நீங்கள் எழுதியதற்கு நன்றி. அந்த மருத்துவர் கேட்ட இரண்டு கேள்விகளும் பாடப்புத்தகத்தில் இருக்க வேண்டியவை.

மாணவர்களுக்காக: ஹைப்போமேனியா (பைபோலாரில் வரும் லேசான மன எழுச்சி) என்று சொல்ல குறைந்தது 4 நாள் தொடர வேண்டும், அந்த நாட்களில் தூக்கம் குறைந்தும் சோர்வில்லாமல் இருப்பார். பார்டர்லைனில் மனநிலை மணிக்கணக்கில் மாறும், முன்னால் பெரும்பாலும் ஓர் உறவுச் சம்பவம் இருக்கும். மனமகிழ்ச்சி உச்சத்துக்குப் போவது குறைவு, கோபம், பதற்றம், வெறுமை என்று அதற்குள்ளேயே சுழலும். குடும்பத்தில் பைபோலார் உண்டா என்றும் கேளுங்கள். இரண்டும் ஒருவருக்கே இருக்கலாம் என்பதையும் மறக்காதீர்கள்.

அதேபோல ஏடிஎச்டி (கவனக்குறைவும் மிகைத் துறுதுறுப்பும்), ஆட்டிசம், போதைப் பழக்கம் இவற்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். குடி முழுதாக நின்று சில காலம் ஆகும் வரை சமூக விரோத ஆளுமை என்று அவசரப்படக் கூடாது. அதை எழுத 18 வயது ஆகியிருக்க வேண்டும், 15 வயதுக்கு முன்பே நடத்தைக் கோளாறின் அடையாளங்கள் இருந்திருக்க வேண்டும். குடிக்க ஆரம்பித்த பிறகு செய்த திருட்டை மட்டும் வைத்து அந்தப் பெயரை எழுத முடியாது. ஐம்பது வயதில் ஒருவர் திடீரென வேறு ஆளாக மாறிவிட்டார் என்று குடும்பம் சொன்னால் ஆளுமைக் கோளாறைத் தள்ளி வைத்துவிட்டு மூளையைப் பாருங்கள். முன்மூளைத் தேய்வு, கட்டி, பழைய தலைக்காயம் எதுவாகவும் இருக்கலாம்.

---

நேர்கோடு (மனநல மருத்துவர்)

மறுகரை எழுதியதை இரண்டு முறை படித்தேன். பெயரே வேண்டாம் என்ற என் நிலையிலிருந்து இன்னும் முழுதாக நகரவில்லை. ஆனால் பெயரை மறைப்பதை விடச் சொல்வது நேர்மை என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

இன்னொரு விஷயத்தையும் இழையில் யாராவது எழுத வேண்டும், நானே எழுதிவிடுகிறேன். ஒருவர் வாழும் சமூகத்தில் வழக்கமாக இருப்பதைக் கோளாறு என்று எழுதக் கூடாது, இரண்டு கையேடுகளும் இதைச் சொல்கின்றன. குடும்பமாகக் கூடி முடிவெடுக்கும் இடத்தில் வளர்ந்தவரை ‘சார்ந்திருக்கும் ஆளுமை’ என்றும், துரத்தப்பட்டு ஓடி வந்த அகதியைச் ‘சந்தேக ஆளுமை’ என்றும் எழுதியதைப் பார்த்து நொந்திருக்கிறேன். அவரோடு வளர்ந்தவர்களுக்கே அவர் நடத்தை விசித்திரமாகத் தெரிகிறதா என்று கேளுங்கள்.

---

வெண்பலகை (மனநல மருத்துவம், முதுநிலை இரண்டாம் ஆண்டு)

எல்லோருக்கும் நன்றி. உடனே எழுத முடியவில்லை.

யூனிட் தலைவரிடம் பேசினேன். நோய்ப்பெயரை அடித்துவிட்டு ‘மனச்சோர்வு, ஆளுமை மதிப்பீடு பிறகு’ என்று மாற்ற ஒத்துக்கொண்டார். சோர்வுக்குச் சிகிச்சை தொடங்கினோம். தூக்கமும் பசியும் திரும்பிய பிறகு, அவர் சம்மதத்தோடு அக்காவையும் பள்ளிக்காலத் தோழி ஒருவரையும் தனித்தனியாகச் சந்தித்தேன். தாளில் கோடும் போட்டோம்.

இரண்டு பேரும் சொன்னது பெரும்பாலும் ஒத்துப்போனது. பதினைந்து வயதிலிருந்து இருக்கிறது. நெருங்கிய தோழி வேறொருத்தியோடு சாப்பிட்டாள் என்று பள்ளியிலேயே முதல் முறை கையைக் கீறிக்கொண்டது, ஒவ்வொரு வேலையிலும் முதலில் தெய்வமாகத் தெரிந்த மேலாளர் சில மாதங்களில் எதிரியானது, ‘நான் யாருன்னே எனக்குத் தெரியல’ என்று அக்காவிடம் பல வயதுகளில் சொன்னது. நான்கு நாள் தொடர்ந்த உற்சாகம் எப்போதும் இல்லை. மனச்சோர்வு நீங்கிய பின்னும் வெறுமை இருக்கிறது, மனநிலை ஒரே நாளில் பல தடவை மாறுகிறது. 9இல் 6க்கு உதாரணத்தோடு எழுத முடிந்தது. ஐசிடி-11 படி நடுத்தரம், பார்டர்லைன் குறிப்போடு என்று நினைக்கிறேன்.

முதல் நாள் எழுதிய பெயரேதான் வந்திருக்கிறது. ஆனால் இப்போது என்னால் ஏன் என்று சொல்ல முடிகிறது. எந்தச் சம்பவம் அவரைத் தள்ளிவிடும், எங்கே உதவ வேண்டும் என்பதும் தெரிகிறது.

இதை அவரிடம் எப்படிச் சொல்வது? மருந்து எதுவரை?

---

கயல்வரி (மருத்துவ உளவியலாளர்)

அருமை. எந்தத் தேதியில், யாரிடம் கேட்டது என்பதையும் சேர்த்துக் கோப்பில் எழுதிவிடுங்கள்.

மருந்து பற்றி: பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2009இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பார்டர்லைனுக்கென்றோ அதன் தனித்தனி அறிகுறிகளுக்கென்றோ மருந்து தர வேண்டாம் என்கிறது. மனச்சோர்வுக்குத் தருவது வேறு, அதைத் தொடருங்கள். முக்கியச் சிகிச்சை பேச்சுதான். மார்ஷா லினஹான் வடிவமைத்த டிபிடி (உணர்ச்சியைக் கையாளும் திறன்களைக் கற்றுத்தருவது), பேட்மேனும் ஃபோனகியும் உருவாக்கிய எம்பிடி (தன் மனதையும் பிறர் மனதையும் புரிந்துகொள்ளப் பழக்குவது) இரண்டுக்கும் நல்ல ஆதாரம் உண்டு. முழு டிபிடி குழு இல்லாத இடத்திலும், ஜான் கண்டர்சன் எழுதி வைத்த முறைப்படி ஒரு மருத்துவர் சீராகச் சந்தித்து நோயை விளக்கி, வேலையிலும் வாழ்க்கையிலும் கால் ஊன்ற உதவினாலே நல்ல பலன் கிடைக்கிறது.

சொல்லும்போது பெயரில் ஆரம்பிக்காதீர்கள். அந்தத் தாளை எடுத்து வைத்து, அவர் சொன்ன சம்பவங்களிலிருந்து ஆரம்பியுங்கள். அவர் வார்த்தைகளையே பயன்படுத்துங்கள். பிறகு, ‘இப்படி இருப்பவர்கள் நிறையப் பேர், இதற்கு ஒரு பெயர் இருக்கிறது’ என்று சொல்லுங்கள்.

---

மறுகரை (உறுப்பினர்)

அவர் இணையத்தில் தேடுவார் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நான் அன்றிரவே தேடினேன். ‘இவர்களோடு வாழவே முடியாது, ஓடிவிடுங்கள்’ என்று எழுதியிருப்பதைத்தான் முதலில் படித்தேன். எந்தப் பக்கத்தைப் படிக்கலாம் என்று நீங்களே எழுதிக் கொடுங்கள். அடுத்த சந்திப்பு எப்போது என்பதையும் அன்றைக்கே சொல்லுங்கள். பெயரைச் சொல்லிவிட்டு, ‘வெளியே போய் தேதி வாங்கிக்கோங்க’ என்றால், கழற்றிவிடுகிறார்கள் என்றுதான் நினைப்போம்.

---

வெண்பலகை (மனநல மருத்துவம், முதுநிலை இரண்டாம் ஆண்டு)

நேற்று சொன்னேன். அக்காவும் இருக்க வேண்டும் என்று அவரே கேட்டுக்கொண்டார். தாளை வைத்துப் பேசியதில் பாதியை அவரே சொல்லி முடித்தார். பெயரைச் சொன்னதும் கொஞ்சம் அழுதார், பிறகு ‘இது மாறுமா, இல்ல சாகற வரைக்கும் இப்படித்தானா?’ என்று கேட்டார்.

மேரி சனரினியின் குழு 10 ஆண்டு பின்தொடர்ந்த ஆய்வைப் பற்றிச் சொன்னேன். மருத்துவமனையில் சேரும் அளவுக்குக் கடுமையாக இருந்தவர்களிலேயே 93 சதவீதம் பேருக்கு அறிகுறிகள் அடங்கி, குறைந்தது 2 ஆண்டு அப்படியே இருந்தது. வேலையிலும் உறவுகளிலும் முழுதாகத் தேறி நின்றவர்கள் பாதிப் பேர்தான் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். ‘அந்தப் பாதியில் வர என்ன செய்யணும்?’ என்றார்.

திறன்களைக் கற்றுத்தரும் குழு அடுத்த மாதம் தொடங்குகிறது, அதில் பெயர் சேர்த்தாகிவிட்டது. அதுவரை ஒவ்வொரு வியாழனும் நான் பார்க்கிறேன். நெருக்கடி வந்தால் யாரை, எந்த வரிசையில் அழைப்பது என்று அவர் கையாலேயே எழுதி, ஒரு நகலை அக்காவிடம் கொடுத்திருக்கிறோம். வீட்டில் இருக்கும் மாத்திரைகளை அக்கா தன் பொறுப்பில் வைத்துக்கொள்கிறார். இரவுப்பணி மேடம், நீங்கள் சொன்ன மாதிரி ரிப்போர்ட் எழுதும் முறையை எங்கள் வார்டு செவிலியர்களிடமும் பேசியிருக்கிறேன். உங்கள் ஷிப்டில் பயன்படுத்தும் படிவம் இருந்தால், நோயாளி விவரம் இல்லாமல் ஒரு மாதிரி அனுப்ப முடியுமா?

---

இரவுப்பணி (மனநல வார்டு செவிலியர்)

தனியாகப் படிவம் எதுவும் இல்லை தம்பி, சாதா நோட்டுதான். நான்கு கட்டம் போட்டிருக்கிறோம்: நேரம், முன்னால் நடந்தது, அவர் செய்தது, நாங்கள் செய்தது. ‘ஏன்’ என்று ஒரு கட்டம் வேண்டும் என்று கேட்பார்கள், போடாதீர்கள். அங்கேதான் ‘நடிப்பு’ என்று எழுதுவார்கள். நாளை ஒரு வெற்றுப் பக்கத்தைப் படம் எடுத்துத் தனிச் செய்தியில் அனுப்புகிறேன்.